காய் இல்லாத கொடி

ஒரு செடியை விவரிப்பதற்கு முறை உண்டு. வேரில் தொடங்கி, தண்டு, இலை, பூ என்று ஏறி, காயிலும் விதையிலும் முடிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அது விவரணை இல்லை, வெறும் கடிதம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் எனக்குத் தாவரவியல் நடத்திய பேராசிரியை. அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில், ஏரிகளையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அப்போது அவருக்கு ஒரு காட்டுப் பூவை அழுத்திக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"பூ சரி. காய் எங்கே? விதை எங்கே? அவை இல்லாமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். முழுதாக அனுப்பினால், இந்த மாவட்டத்துச் செடிகளைப் பற்றி நான் தயாரிக்கும் பட்டியலில், கண்டெடுத்தவர் என்று உன் பெயரைச் சேர்க்கிறேன். பட்டியல் கார்த்திகையில் அச்சுக்குப் போகிறது."

என் பெயர் அதுவரை ஒரே ஒரு முறைதான் அச்சேறியிருந்தது. அரசு வேலைக்குத் தேர்வானவர்களின் பட்டியலில், பல நூறு பேருக்கு நடுவில், நுணுக்கிப் போட்ட எழுத்தில். பட்டப்படிப்பில் நான்தான் வகுப்பில் முதல். மேலே படிக்க இடமும் கிடைத்திருந்தது. அப்பா போய்விட்டார், வேலைக்கு வந்தேன். இதில் புதுமை இல்லை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இதே கதையைத்தான் மதியச் சாப்பாட்டோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து என் முதுகு நாற்காலியில் சாயவில்லை. அந்தக் கொடியின் காய் எனக்கு வேண்டும். கார்த்திகைக்குள் வேண்டும்.

அந்தக் கொடியை நான் பார்த்தது ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். நெசவாளரின் மனைவி என்னைவிட நான்கைந்து வயது இளையவள். தனியாக இருக்கும் பெண் ஒருத்தி விடுமுறை நாட்களில் புத்தகம் படித்துக் கெட்டுப்போகிறாள் என்று அவளுக்கு ஒரு கவலை. அதனால் என்னைத் திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தரிசனம் அரை மணியில் முடிந்தது. திரும்பும் பஸ் வரவில்லை. அவள் மரத்தடியில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கு உட்காரத் தெரியாது. ஏரிக்கரை மேல் நடந்தேன்.

கரையில் ஆள் உயரத்துக்குக் கள்ளி மண்டியிருந்தது. அதன் மேல் கம்பி போல ஒரு கொடி சுற்றியிருந்தது. இலைகள் தடித்து, சாறு நிறைந்து, எதிரெதிராக இரண்டிரண்டு. ஒவ்வொரு கணுவிலும் ஒரு விரற்கடை நீளத்தில் பூக்கள். நான் படித்த எந்தப் பூவும் இப்படி நின்றதில்லை. அடியில் சின்னத் தொந்தி. அதன் மேல் ஒடுங்கிய கழுத்து. கழுத்து மறுபடி விரிந்து, ஐந்து இதழ்களாகப் பிரிந்து, அந்த ஐந்தும் உச்சியில் மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் ஐந்து ஜன்னல் வைத்த கூண்டு. உள்ளே போக வழி விட்டு, உச்சியில் மூடிக்கொண்ட பூ.

"அத்த ஏம்மா மொறைச்சிக்கினு நிக்கிற?"

ஆடு மேய்க்கும் ஒரு பெண். நடுத்தர வயது. கையில் தொரட்டி.

"இதுக்கு என்ன பேர்மா?" என்றேன்.

"கெழங்கு."

"கொடிக்குப் பேர் இல்லையா?"

"கெழங்க துன்னுவோம். கொடிய துன்னமாட்டோம். அதுக்கு எதுக்கு பேரு?"

சொல்லிவிட்டு, தொரட்டியின் கம்பால் கொடியின் அடியைக் கிளறினாள். உருளைக்கிழங்கை உள்ளங்கையால் தட்டிச் சப்பையாக்கியது போல ஒன்று வந்தது. முந்தானையில் துடைத்து, பாதியைக் கடித்து, மீதியை என்னிடம் நீட்டினாள். தித்திப்பும் துவர்ப்புமாக இருந்தது. எந்தத் தாவர நூலிலும் தான் பார்த்திராத ஒரு செடியை அதன் அடையாளம் தெரியுமுன் தின்ற முதல் தாவரவியல் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன்.

எனக்காக இன்னும் மூன்று கிழங்குகளைக் கொடியோடு தோண்டித் தந்தாள். ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நெசவாளரின் மனைவி வழியெல்லாம் சிரித்தாள். "பெருமாளாண்ட போயி கெழங்கு வாங்கிக்கினு வர்ற ஆளு நீங்கதான்கா."

மூன்று தொட்டிகள். முதல் கிழங்கை நான்தான் கொன்றேன். தினம் தண்ணீர் ஊற்றினேன். பதினைந்தாம் நாள் தோண்டிப் பார்த்தால் கூழ். கரையில் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீதி இரண்டுக்கும் பாலாற்று மணல் இரண்டு பங்கு, கரையிலிருந்து எடுத்து வந்த சரளை மண் ஒரு பங்கு, நாலு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர். நெசவாளர் உடைந்து போன பழைய மூங்கில் சிம்புகளைக் கொடுத்தார். கொடி அதைப் பற்றிக்கொண்டு தறிக்கூடத்தின் பின்சுவரில் ஏறியது. ஆவணி பிறந்ததும் இரண்டும் பூத்தன.

பூவின் நிறத்தை அது வாடுமுன் எழுதிவிட வேண்டும். காய்ந்தால் எல்லாம் பழுப்பு. நான் "இளம்பச்சை, நுனியில் ஊதா" என்று எழுதியிருந்தேன். நெசவாளர் எட்டிப் பார்த்தார்.

"இது எளம்பச்சையா? யாரு சொன்னது?"

"நான்தான்."

"உங்க ஆபீஸ்ல பச்சை மையில கையெழுத்து போடுவாங்களே, அதான் பச்சைன்னு நெனச்சிக்கினீங்க. காலைல வாங்க. உச்சி வெயில்ல நெறம் பாக்கக் கூடாது. வெயில் பொய் சொல்லும்."

மறுநாள் காலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பூவை வைத்து, பட்டு நூல் கண்டுகளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தொந்திக்கு, சந்தன நிறத்தில் ஒரு துளி பச்சை விழுந்தது போல. கழுத்துக்கு அதே நிறம், வெளுத்து. இதழ் நுனிக்குக் கத்திரிக்காய்த் தோல், அதுவும் காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் நிறம். பேராசிரியைக்கு அப்படியே எழுதினேன். அவர் அதைத் திருத்தவில்லை.

இந்த இடத்தில்தான் என் மேசைக்கு அந்தக் கோப்பு வந்தது.

அதே ஏரி. கரையைப் பலப்படுத்தும் வேலை. மதிப்பீட்டில் முதல் இனம்: "கரையிலுள்ள கள்ளி, முட்செடி, புதர் ஆகியவற்றை வேரோடு அகற்றுதல்." வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்கப்பட வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு. காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, குறிப்பு எழுதி மேலே வைப்பது என் வேலை. சரியாக இருந்தன. இரண்டு நாளில் ஒப்புதல் ஆகிவிடும். ஒரு வாரத்தில் மண்வெட்டி கரை ஏறிவிடும்.

அப்போது கரையில் காய் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தேடினேன். புதரின் வெளிப்பக்கம் பூக்கள் மட்டுமே கண்ணில் பட்டன. உள்ளே கை விட்டால் கள்ளிப்பால். கண்ணில் தெறித்தால் பார்வை போகும் என்பார்கள். புடவையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். தொட்டியிலோ பூ வருகிறது, இரண்டு நாள் நிற்கிறது, விழுகிறது. காய் பிடிக்கவில்லை. நான் கேட்டதெல்லாம் இன்னும் மூன்று வாரம்.

மூன்று வாரத்தை எப்படி உண்டாக்குவது என்று எனக்குத் தெரியும். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தந்த வித்தை அது. மதிப்பீட்டில் கரையின் நீளம் அடிக்கணக்கில் இருந்தது. வரைபடம் மீட்டரில். அப்போது எல்லாம் மாறிக்கொண்டிருந்த காலம். இப்படி இருப்பது சகஜம். பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தால் நானே இரண்டு நிமிடத்தில் ஒத்துப்பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக எழுதினேன்: "இரு அளவுகளும் ஒத்துப்பார்க்கப்பட்டு, சான்றளிக்கப்பட்டு, மறுபடி சமர்ப்பிக்கப்படலாம்." கோப்பு கீழ் அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒருவர் விடுப்பிலிருந்து திரும்பி, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, அது திரும்பி வர இருபது நாள் ஆகும். கூடினால் இருபத்திரண்டு.

யாரும் குறை சொல்ல முடியாத குறிப்பு. தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுக்கினு பாக்குறீங்கமா. உங்கள மாரி நாலு பேர் இருந்தா இந்த ஆபீஸு எங்கியோ போயிருக்கும்."

எங்கே போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் நடந்துகொண்டே இருந்தேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பின்சுவருக்குப் போவேன். பூக்களை எண்ணுவேன். விழுந்தவற்றைப் பொறுக்கிக் கிழித்துப் பார்ப்பேன். குழாய்க்குள் கீழ்நோக்கி முளைத்த மெல்லிய மயிர்கள். எது உள்ளே போனாலும் இறங்கலாம், ஏற முடியாது. அற்புதமான பொறி. ஆனால் பொறியில் எதுவும் அகப்பட்டிருக்கவில்லை. வானத்தையும் பார்ப்பேன். மேகம் கறுத்தால் கரை என்ன ஆகும் என்று வாசலுக்கும் பின்சுவருக்குமாக நடப்பேன். மேகம் கலைந்தால், கோப்பு எங்கே வந்துகொண்டிருக்கிறதோ என்று விரல் விட்டு நாள் எண்ணுவேன். நெசவாளரின் மனைவி ஒரு நாள் தட்டை என் முன்னால் வைத்து, "நின்னுக்கினே துன்னா ஒடம்புல ஒட்டாதுக்கா, ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு கவளம் வரைக்கும்.

பதின்மூன்றாம் நாள் தலைவலி என்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். பின்சுவரில் என் கொடிகளைக் காணவில்லை. இருந்த இடத்தில் துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று தொங்கியது. தறியில் நெய்து சுற்றிய பட்டின் மேல் தூசி படாமல் போர்த்துவார்களே, அந்தத் துணி. தூக்கிப் பார்த்தேன். கொடிகள் அதற்குள் இருந்தன.

"இது என்ன?"

"துணி" என்றாள் நெசவாளரின் மனைவி.

"தெரியுது. ஏன் போட்டிருக்கே?"

"ஈ மொய்க்குதுக்கா. பொடிப் பொடி ஈ. பூவுக்குள்ளாற பூந்துக்கினு வெளிய வரமாட்டேங்குது. நீங்க இத்தினி பாடுபட்டு வளக்கிறீங்க, ஈ எச்சம் பட்டா பூ இன்னாத்துக்கு ஆவும்? நீங்க காலைல அந்தாண்ட போனதும் போட்டுருவேன். நீங்க வர்ற நேரத்துக்கு எடுத்துருவேன்."

"எத்தனை நாளா?"

"பூ வந்த அன்னிலேர்ந்து" என்றாள், பாராட்டை எதிர்பார்த்து.

அவளைக் குறை சொல்ல வழியில்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வெளிர் நிறப் பட்டில் ஈ உட்கார்ந்து எச்சமிட்டால் கறை போகாது. சேலையை முதலாளி திருப்பி விடுவார். அதனால் அங்கே எதன் மேல் மதிப்பு வைத்தாலும் முதலில் அதற்கு ஒரு துணி போடுவார்கள். என் கொடியை அவர்கள் பட்டுக்குச் சமமாக வைத்திருந்தார்கள். நான் தொட்டியை வைத்த நாளிலேயே, "இதற்கு ஈ வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கே அது தெரியாது என்பதுதான் சங்கடம். பூவின் வாசலைப் பார்த்தேன், மயிரைப் பார்த்தேன், பொறி என்று எழுதினேன். யாருக்கு வைத்த பொறி என்று கேட்கவில்லை.

துணியை எடுத்துவிட்டு, "ஈ உள்ளே போனாத்தான் மகரந்தம் மாறும். அப்பத்தான் காய் பிடிக்கும்" என்று விளக்கினேன்.

தறிக்குழியிலிருந்து நெசவாளரின் குரல் வந்தது. "அப்ப ஈக்கு வெத்தல பாக்கு வச்சி கூப்புடணும்ன்றீங்களா?"

"அப்படித்தான் வச்சுக்குங்க."

"ஆபீசம்மா, தறில இருக்கிறது முகூர்த்தச் சேலை. சந்தன கலரு. ஈ உங்க பூவுக்குள்ளாற போனா உங்களுக்கு காய் காய்க்கும். என் பாவு நூல் மேல ஒக்காந்தா எனக்கு கல்லடிதான் காய்க்கும்."

"ஜன்னலைச் சாத்திக்கலாமே?"

"சாத்திட்டா நான் நெறம் எப்டி பாக்குறது? உங்க கத்திரிக்காய எப்டி பாத்தேன்?"

நியாயம். தெருக்கோடியில் ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தது. அங்கே ஈக்குப் பஞ்சமில்லை. தொட்டிகளை அங்கே தூக்கிப் போனோம். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, ஒரு தொட்டியில் கொடி இருந்தது, அதன் பூக்களுக்குள் உயிரோடு பொடி ஈக்கள் இருந்தன. இன்னொரு தொட்டியில் மண் மட்டும் இருந்தது. எருமைக் கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கொடியை முடித்து, கிழங்கையும் தோண்டித் தின்றுவிட்டு, மிகுந்த அமைதியோடு என்னைப் பார்த்தது. மீந்த ஒற்றைக் கொடியில் ஈ போயிற்று, வந்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. இந்த இனத்தில் பெரும்பாலும் தன் மகரந்தம் தனக்கே ஆகாது, இரண்டு கொடியாவது பக்கத்தில் வேண்டும் என்று பேராசிரியை பிறகு எழுதினார். எருமைக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம்.

கரையைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆன அன்று, கோப்பு திரும்பி வந்தது. இருபத்தோராம் நாள். அளவுகள் ஒத்துப்பார்க்கப்பட்டு, சான்றளிக்கப்பட்டிருந்தன. நான் இரண்டாவது கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். எந்தக் கோப்பிலும் இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கும். தேடத் தெரிந்தால் போதும். இது அகற்றப்படும் மரங்களின் மதிப்பைப் பற்றியது. அதில் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும்.

இரண்டு நாள் கோப்பைக் கையடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒருவர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். கிராமத்து விவசாயி. கக்கத்தில் குடை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அம்மா, எங்க ஏரி காயிதம் உங்களாண்ட கீதுன்னாங்க."

"எந்த ஏரி?" என்றேன், தெரிந்துகொண்டே.

அவர் ஊர் பெயரைச் சொன்னார். "நீங்க ரொம்ப கரீக்டா பாப்பீங்கன்னு சொன்னாங்க. பாருங்கமா, நல்லா பாருங்க. தப்புத்தண்டா இல்லாம இருக்கணும். போன வாட்டி மழைக்கு கரை ஒடச்சிக்கினு, என் தம்பி கழனி பூரா மணலு. நாத்து விட்டது விட்டதுதான். இந்த வாட்டி ஐப்பசிக்கு முன்ன ஒரு சட்டி மண்ணு போட்டுட்டா போதும்மா. வேற ஒண்ணும் வாணாம்."

"அடுத்த வாரம் வேலை ஆரம்பிச்சுடும்" என்றேன்.

அவர் கும்பிட்டார். நான் மைக்கூட்டை நகர்த்தி வைத்தேன். "உங்களுக்கு புண்ணியமா போவும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் படியிறங்குமுன் நான் குறிப்பை எழுத ஆரம்பித்திருந்தேன். "ஒழுங்காக உள்ளது. ஒப்புதலுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." சாயங்காலம் அதிகாரியின் கையெழுத்தும் ஆகிவிட்டது. இரண்டு நிமிட வேலைக்கு இருபத்து மூன்று நாள்.

கரையை வெட்டும் நாள் எனக்கு மற்றவர்களுக்கு முன்னால் தெரியும். உத்தரவைத் தட்டச்சுக்கு அனுப்பியவள் நான்தான். தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். காலிச் சாப்பாட்டு டப்பா ஒன்றும், ஒரு கத்திரியும் பையில் இருந்தன.

நான் போவதற்குள் பாதிக் கரை மொட்டையாகியிருந்தது. கள்ளியை வெட்டி, காய்ந்த முட்செடிகளோடு சேர்த்துக் கீழே குவித்திருந்தார்கள். குவியல் ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தது. வேலை செய்த பெண்களில் அந்த ஆட்டுக்காரப் பெண்ணும் இருந்தாள்.

"வாம்மா, மொறைச்சிப் பாக்குற அம்மா! கெழங்கு வாணுமா? மடி நெறைய வச்சிக்கினு கீறோம்."

"கிழங்கு இருக்கட்டும். இந்தக் கொடியில காய் பாத்திருக்கீங்களா?"

"கொம்பா?"

"என்ன கொம்பு?"

அவள் குவியலிலிருந்து ஒரு கொடியை இழுத்தாள். ஒரே காம்பிலிருந்து இரண்டு மெல்லிய காய்கள், விரித்த கவராயம் போல, ஒரு சாண் நீளத்துக்குப் போயின. இரண்டும் நீளவாக்கில் வெடித்துச் சுருண்டு, உள்ளே வெறும் வழவழப்பு. இன்னொரு கொடி. அதிலும் ஒரு ஜோடி, வெடித்தது. கள்ளியின் நடுவயிற்றில் இருந்த கொடிகளிலெல்லாம் காய்கள் தொங்கின. வெளியே நின்று பார்த்தவளுக்குப் பூ மட்டும் தெரிந்தது. புதரை வெட்டிய பிறகுதான் உள்ளே காய்த்திருந்தது தெரிந்தது. எல்லாம் திறந்து, காலியாக.

"இப்ப இன்னாத்துக்கு ஆவும்? பஞ்சு பறந்துபூச்சு" என்றாள். "இருவது நாளைக்கு முன்ன மூடிக்கினு, பச்சப்பசேல்னு கெடந்துச்சு. நம்ப வூட்டு ஆடுகூட அத்த கடிக்காது. நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

கேட்டிருக்கவில்லை. கொடிக்குப் பெயர் கேட்டேன், கிழங்கைத் தின்றேன். அவள் அந்தக் கரையில் வருஷம் முழுக்க நிற்கிறாள் என்பது எனக்கு ஒரு தகவலாகப் படவில்லை. இருபது நாளைக்கு முன் வெட்டியிருந்தால் பச்சைக் காயும் முழு விதையும் கூடை நிறைய அள்ளியிருக்கலாம். கார்த்திகைக்கு இரண்டு மாதம் முன்பே பேராசிரியை கையில் போய்ச் சேர்ந்திருக்கும். அதை யார் தடுத்தது என்று அங்கே நான் ஒருத்தி மட்டும் அறிந்திருந்தேன்.

"மூடினது ஒண்ணாவது இருக்கும். தேடலாம்" என்றேன்.

மேஸ்திரி தீப்பெட்டியோடு வந்தார். "நவுருங்கமா, கொளுத்தணும்."

"ஒரு மணி நேரம் பொறுங்க."

"எதுக்கு?"

"நான் அந்த ஆபீஸ்லதான் வேலை செய்யறேன். இந்த வேலைக்கு உத்தரவு போட்ட ஆபீஸ்."

அவர் என்னையும் என் கிழிந்த முந்தானையையும் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்மா. கொளுத்தக் கூடாதுன்னு எழுத்துல ஆர்டர் இருக்குதா?"

இல்லை. எழுத்தில் இல்லாத எதையும் நானும் ஒப்புக்கொண்டதில்லை. ஆட்டுக்காரப் பெண் குறுக்கே வந்தாள். "யோவ் மேஸ்திரி, போயி டீ குடிச்சிட்டு வா. ஆர்டர் இல்லாமலே தினத்துக்கும் நாலு வாட்டி குடிக்கிற இல்ல?" பெண்கள் சிரித்தார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

ஒரு டீயின் நேரம். அவளும் நானும் இன்னும் இரண்டு பெண்களும் குவியலைப் புரட்டினோம். வெடித்தது. வெடித்தது. பாதி நசுங்கியது. கையெல்லாம் பால், கண்ணைத் தொடாதே என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கரை ஏறி வருவது தெரிந்தது. அப்போது அவள் அடியிலிருந்து ஒரு கொடியை உருவி, "ஏ, இந்தா!" என்றாள். ஒரு ஜோடி. ஒரு கொம்பு வெடித்திருந்தது. மற்றது பழுத்து மஞ்சளாகி, நுனி வரைக்கும் மூடியிருந்தது.

டப்பாவில் வைத்து மூடினேன். பின்னால் நெருப்பு பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. அவளுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவள் சட்டிமண்ணைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டப்பா மடியில். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறக்க வேண்டும், அதுதான் முறை. வெள்ளைக் காகிதம் விரித்து, அதன் மேல் வைத்து, முதலில் காயை அளந்து, பிறகு. எனக்கு எல்லா முறையும் தெரியும். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும், டப்பாவுக்குள் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது போல இருந்தது. கேட்டதா என்று சந்தேகம். காதருகே வைத்துப் பார்த்தேன். நசுங்கியிருக்குமோ? பூச்சி அரித்திருக்குமோ? உள்ளே ஒன்றுமே இல்லாத காயோ? ஒரு விரல் இடுக்கு அளவு மட்டும் மூடியைத் தூக்கினேன்.

காய் வெடித்திருந்தது. பஸ்ஸின் காற்று ஜன்னல் வழியாக வந்து டப்பாவுக்குள் நுழைந்தது. அடுத்த கணம் பஸ் முழுக்க வெள்ளைப் பட்டு பறந்தது. ஒவ்வொரு விதையின் தலையிலும் ஒரு குஞ்சம். ஒவ்வொன்றும் தன் வழியில்.

"இன்னாமா, எலவம்பஞ்சு மூட்டைய அவுத்துட்டியா?" என்றார் நடத்துனர்.

நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தேன். "பிடிங்க, பிடிங்க! விதை! ஜன்னலைச் சாத்துங்க!"

ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியம். நாலைந்து ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஒருவர் துண்டை வீசிப் பிடித்தார். எண்ணெய் தடவிய தலையோடு முன்சீட்டில் இருந்தவரின் முடியில் இரண்டு ஒட்டிக்கொண்டன. "அசையாதீங்க சார்" என்று நான் அவர் தலையை ஆராய்ந்தேன். "எடும்மா, எடும்மா, பேன் இருந்தா அத்தயும் எடுத்துடு" என்றார். கருவாட்டுக் கூடைக்காரி கூடைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இந்தாம்மா உன் பட்டு. வாசன வந்தா என்ன திட்டாத."

பிடித்தவற்றில் நான்கு விதை போதும் என்று பேராசிரியை பிறகு எழுதினார். வெடித்த கொம்புகளும் அந்த நான்கும் போய்ச் சேர்ந்தன; தை மாதத்தில் பட்டியல் அச்சாகி வந்தது; என் பெயர் இருந்தது. அன்று பஸ்ஸில் அது எதுவும் எனக்குத் தெரியாது. என் கையில் ஆறு விதைகள் இருந்தன, ஆறும் போதாது என்று பட்டது. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்: விதை தட்டை, பழுப்பு, ஓரம் வெளிறியது, குஞ்சம் வெள்ளை. பஸ் குலுங்கியதில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

காஞ்சிபுரத்தில் என் நிறுத்தத்தில் இறங்கினேன். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு அடி வைத்திருப்பேன். பின்னால் விசில் ஊதி பஸ் நகர்ந்தது. நடத்துனர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"அம்மா! என் பையில இன்னொண்ணு கீது!"

இரண்டு விரலுக்கு நடுவில் அது வெள்ளையாகத் துடித்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க, அந்த பஸ்ஸின் பின்னால் ஓடினேன்.